அப்பாவின் கல்வெட்டு: 31ஆம் நாளுக்குள் ஒரு வாழ்க்கையை எழுதுவது

யாழ்ப்பாணத்தில் ஒருவர் காலமானால் 31ஆம் நாள் அந்தியேட்டி. காலையில் கீரிமலையில் கிரியை, மத்தியானம் வீட்டில் சாப்பாடு, வந்தவர்கள் வெளிக்கிடும்போது கையில் ஒரு சிறிய புத்தகம். அட்டையில் ‘நினைவு மலர்’ என்று அச்சிட்டிருக்கும், பேச்சில் எல்லோருக்கும் அது கல்வெட்டுத்தான். முன்னால் படம், அடுத்துத் திதி வெண்பா, பிறகு விநாயகர் அகவலில் தொடங்கித் தேவாரம், திருவாசகம், கந்தசஷ்டி கவசம், கடைசியில் வாழ்க்கை வரலாறு, வம்சாவளி, நன்றி நவிலல். எங்கள் வீட்டுச் சாமியறை றாக்கையிலும் இப்படிப்பட்ட புத்தகங்கள் அடுக்காகக் கிடக்கின்றன. தேவாரப் பக்கங்கள் எண்ணெய்க் கறை படியும்வரை பயன்படும். வரலாற்றுப் பக்கத்தை இரண்டாம் முறை யாரும் புரட்டுவதில்லை.

அப்பாவுக்கு எழுத வேண்டிய முறை வந்தபோது அந்த அடுக்கை இறக்கி வைத்து வாசித்துப் பார்த்தோம். எல்லாவற்றிலும் ஒரே மனிதர்தான் இருந்தார். கடமை தவறாதவர், சைவப் பற்றாளர், அன்பான கணவர், பாசமிகு தந்தை, இல்லையென்று வந்தவர்க்கு இல்லையென்னாதவர். பெயரையும் படத்தையும் மாற்றினால் அடுத்த வீட்டுக்குக் கொடுக்கலாம். இதில் சிக்கல் என்னவென்றால், எங்கள் அப்பாவுக்கு அந்தச் சொற்கள் எல்லாமே பொருந்தும். பொய் ஒன்றும் இல்லை. ஆனாலும் அவற்றைப் போட்டால் அப்பா அங்கே இருக்கமாட்டார்.

அவரைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கணக்கு வாத்தியார். பலாலி ஆசிரியர் கலாசாலையில் பயிற்சி முடித்தார். முதல் நியமனம் பதுளைப் பக்கம். 1977 கலவரத்தோடு ஊருக்கு வந்தார். அதன்பிறகு வலிகாமத்துப் பாடசாலைகளிலேயே படிப்பித்து, 60 வயதில் பென்சன். ஆனால் சனசமூக நிலையத்தில் பின்னேர வகுப்பு அவர் படுக்கையில் விழும்வரை நடந்தது. விடிய நாலரைக்குக் கிணற்றடி, திருநீறு, சிவபுராணம். கோயிலில் கந்தபுராணப் படிப்பு நடக்கும் காலத்தில் ஒருவர் பாட்டைப் படிக்க, பயன் சொல்பவர் அப்பா. ஊரில் செத்தவீடு என்றால் சுண்ணம், அதாவது திருவாசகத்தின் திருப்பொற்சுண்ணம், பாட அவரைத்தான் தேடி வருவார்கள். சாதி சனம் பார்க்காமல் போவார். அந்த நாட்களில் அதற்கும் பேச்சு வாங்கியிருக்கிறார். கோயில் பரிபாலன சபைத் தலைவராக வரும்படி பலமுறை கேட்டும் மறுத்துவிட்டார். திருவிழாவில் தண்ணீர்ப்பந்தலுக்குப் பின்பக்கம் குந்தியிருந்து, சனம் மோர் குடித்த பேணிகளைக் கழுவுவதுதான் அவருடைய இடம். ஏன் என்று கேட்டால், “தலைவருக்கு மாலை போடுவினம். மாலை போட்டால் பேச்சும் பேசவேணும். எனக்கு அது ஏலாது” என்பார்.

மேலே எழுதியதிலும் ‘தொண்டுள்ளம் கொண்டவர்’ என்று போட்டு முடித்திருக்கலாம். பேணி கழுவியதை எழுதினால்தான் ஆள் தெரிகிறார். கல்வெட்டு முழுக்க இந்த ஒரு விதியைத்தான் பிடித்துக்கொண்டோம். ஒரு குணத்தைச் சொல்ல வேண்டுமென்றால் அவர் செய்த ஒரு காரியத்தைச் சொல்லு. காரியம் கிடைக்கவில்லையா, அந்தக் குணத்தை வெட்டிவிடு.

காரியங்கள் எங்கிருந்து கிடைக்கும்? வீட்டில் கொஞ்சம்தான் கிடைக்கும். ஒரு வாத்தியாருடைய வாழ்க்கையின் பாதி வகுப்பறையில், வீட்டுக்காரர் பார்க்காத இடத்தில் நடக்கிறது. எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவு முடியும்வரை எழுத உட்காராதீர்கள், உட்கார்ந்தாலும் வராது. ஆனால் கதை சேர்க்க அதைவிட நல்ல நாட்கள் இல்லை. பழைய மாணவர்கள், கூடப் படிப்பித்தவர்கள், எங்கேயோ இருந்து பஸ்ஸில் வந்த கிழவர்கள் எல்லோரும் விறாந்தையில் இருந்து தாங்களாகவே கதைப்பார்கள். வீட்டுப் பிள்ளைகளில் ஒன்றைப் போனும் கையுமாகப் பக்கத்தில் இருத்திவிடுங்கள். எங்களுக்கு அண்ணாவின் மகள் அதைச் செய்தாள். கனடாவில் வளர்ந்த பிள்ளை, தமிழ் கொஞ்சம் தட்டுத்தடுமாறித்தான் வரும். அதுவே நல்லதாகப் போயிற்று. அவளுக்கு விளங்கவேண்டும் என்று எல்லோரும் விரித்துச் சொன்னார்கள்.

கேட்கும் விதம்தான் முக்கியம். “மாஸ்டர் எப்படிப்பட்டவர்?” என்று கேட்டால், “தங்கமான மனுசன் பிள்ளை” என்பதோடு பேச்சு நின்றுவிடும். “எந்த வகுப்பிலை அவரிட்டைப் படிச்சனீங்கள்? வகுப்பிலை அவர் எங்கை நிப்பார்? கோபம் வந்தால் என்ன சொல்லி ஏசுவார்?” என்று கேட்கத் தொடங்கியபிறகு கதை கொட்டியது. அவர் கரும்பலகைக்கு முன்னால் நிற்பதில்லையாம், கடைசி வாங்குக்குப் பின்னால் நிற்பாராம். கணக்கைப் பிழையாகச் செய்தவனைத்தான் பலகைக்குக் கூப்பிடுவாராம். சரியாகச் செய்தவனுக்கு அங்கே என்ன வேலை என்பாராம். பிழைத்தவன் தான் செய்த பிழையை வரி வரியாக எழுதிக்கொண்டு போக, எந்த இடத்தில் தடம் மாறினான் என்று வகுப்பு கண்டுபிடிக்க வேண்டும். ஏச்சு ஒன்றுதான்: “மூளையை வீட்டிலை கொடியிலை காயப் போட்டுட்டு வந்தனியோ?” இதை எங்களுக்கும் வீட்டில் சொல்லியிருக்கிறார். வகுப்பிலும் அதேதான் என்று தெரிந்ததில் எனக்கு ஒரு திருப்தி.

வெளிநாட்டில் இருப்பவர்களிடம் கட்டுரை கேட்காதீர்கள். கட்டுரை என்றால் திரும்பவும் ‘கலங்கரை விளக்கம்’, ‘ஏணிப்படி’ எல்லாம் வந்துவிடும். வாட்ஸ்அப்பில் குரல் பதிவாக ஒரு சம்பவம் சொல்லுங்கள், இரண்டு நிமிடம் போதும் என்று கேளுங்கள். லண்டனில் இருந்து ஒருவர் அனுப்பியது இது: “மாஸ்டர் எனக்குப் பிரம்பாலை அடிச்சவர். இரண்டு நாளாலை அது என்ரை பிழை இல்லை எண்டு தெரிஞ்சு, வகுப்பிலை எல்லாருக்கும் முன்னாலை என்னட்டை மன்னிப்புக் கேட்டவர். அந்தக் காலத்திலை ஒரு வாத்தியார் பொடியனிட்டை மன்னிப்புக் கேக்கிறது எண்டால் யோசிச்சுப் பாருங்கோ.”

இதைப் போடக்கூடாது என்று சித்தப்பா ஒற்றைக் காலில் நின்றார். அண்ணன் அடித்தவர் என்று கல்வெட்டில் வருவதா? எனக்கு அந்தப் பதிவுதான் முழுப் புத்தகத்திலும் பெறுமதியானது. அடித்ததை மறைத்தால் மன்னிப்பும் போய்விடும். அதன்பிறகு அவர் பிரம்பு எடுக்கவில்லை என்று கூடப் படிப்பித்த ஆசிரியர் ஒருவரும் சொன்னார். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டோம். அந்தியேட்டியன்று சாப்பாட்டுப் பந்தியில் அதிகம் கதைபட்டதும் அந்தப் பக்கம்தான். சித்தப்பா அதைப் பற்றிப் பிறகு ஒன்றும் சொல்லவில்லை.

1990இல் குடாநாட்டுக்கு மின்சாரம் நின்றது. பொருளாதாரத் தடையில் மண்ணெண்ணெய், பற்றரி, சவர்க்காரம் எல்லாம் தட்டுப்பாடு, கிடைத்தாலும் யானை விலை. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைச் சுற்றி, டைனமோவில் ரேடியோச் செய்தி கேட்ட காலம். படிப்புக்கு ஜாம் போத்தல் விளக்கு. போத்தலின் அடியில் கொஞ்சம் பஞ்சு, பஞ்சு நனையுமளவுக்கு எண்ணெய், நடுவில் கம்பியில் நிறுத்திய நூல்திரி. போத்தலே சிம்னி. அப்பாவின் இரவு வகுப்புக்குப் பிள்ளைகள் ஆளுக்கொரு போத்தலோடு வருவார்கள். அவர் நாலு பேருக்கு ஒன்று என்று மட்டும் கொளுத்தவிட்டு மற்றவற்றை நூர்த்துவிடுவார். இன்றைக்கு யாருடைய எண்ணெய் எரியும் என்பதற்கு ஒரு முறை வைத்துச் சுவரில் கரியால் எழுதியிருந்தார். எண்ணெய் வாங்க வழியில்லாத வீட்டுப் பிள்ளைகளின் பெயரும் அந்த முறையில் இருந்தது. அவர்களுடைய முறை வரும் நாளில் எங்கள் குசினி விளக்கு ஒன்று குறையும். யாருடைய முறைக்கு எந்தப் போத்தல் எரிகிறது என்று இருட்டில் யாருக்குத் தெரியப்போகிறது? இதைச் சொன்னவர் அந்தப் பிள்ளைகளில் ஒருவர். தனக்கு அப்போதே தெரியும் என்றார். ஆனால் மாஸ்டருக்கு அது தெரியாதாம்.

அந்த வகுப்பில் வேதக்காரப் பிள்ளைகளும் இருந்தார்கள். தொடங்கும்போது ஒரு நிமிடம் மௌனம், அவரவர் தங்கள் முறைப்படி கும்பிடலாம். திருநீறும் உருத்திராக்கமுமாக இருந்த மனிதர் இதில் ஏன் இவ்வளவு கவனமாக இருந்தார் என்று கூடப் படிப்பித்த ஒரு கிறிஸ்தவ ஆசிரியையைக் கேட்டேன். “அவருக்குக் கடவுள் பக்தி இருந்தது, அதைக் காட்டுற விருப்பம் இருக்கேல்லை” என்றார். வாழ்க்கை வரலாற்றில் பக்தியைப் பற்றி நாங்கள் எழுதி வைத்திருந்த ஒரு பந்தியை எடுத்துவிட்டு இந்த வசனத்தைப் போட்டோம்.

அடுத்தது கடதாசிகள். அப்பாவிடம் ஒரு பிளாஸ்டிக் பை இருந்தது. பிறப்பு அத்தாட்சிப் பத்திரங்கள், காணி உறுதி, நியமனக் கடிதம், இடமாற்றக் கடிதங்கள். 1995 ஒக்டோபர் 30, போரால் வலிகாமத்துச் சனமெல்லாம் ஊரைவிட்டு வெளிக்கிட்ட இரவு எங்கள் வீட்டிலிருந்து கட்டாயம் போகவேண்டும் என்று எடுத்தது அந்தப் பைதான். அதனால் அவருடைய சேவைக்காலத் திகதிகள் எங்களுக்குச் சுலபமாகக் கிடைத்தன. உங்களுக்கு அது இல்லையென்றால் படிப்பித்த பாடசாலையில் சம்பவத்திரட்டுப் புத்தகம் இருக்கிறதா என்று கேளுங்கள். ஓர் ஆசிரியர் கடமையேற்ற நாள், விடுவிக்கப்பட்ட நாள் எல்லாம் அதிபர் அதில் எழுதியிருப்பார். எங்கள் பக்கத்துப் பாடசாலைகள் பலவற்றில் இடப்பெயர்வோடு பழைய புத்தகங்கள் போய்விட்டன. ஓய்வூதியக் கோவைகளில் அதே திகதிகள் இருக்கும். ஆட்களின் ஞாபகத்தை வருடத்துக்கு நம்பாதீர்கள். “இந்தியன் ஆமி வந்த வருசம்”, “லைப்ரரி எரிஞ்சதுக்குப் பிறகு” என்று சொல்வார்கள். அது நல்ல அடையாளம், 1987 என்றும் 1981 என்றும் நாமே எழுதிக்கொள்ளலாம். ஆனால் வெறும் எண்ணாக ஒரு வருடம் சொன்னால் இன்னொருவரிடமும் கேட்டுப் பார்க்கவேண்டும்.

பைக்குள் இன்னொன்றும் இருந்தது. வீட்டுக் கணக்குக் கொப்பி. அரிசி, சீனி, சங்கக்கடை, லீற்றர் கணக்கில் எண்ணெய், அவற்றுக்கு நடுவே இப்படிச் சில வரிகள்: ‘ம.க. சப்பாத்து’, ‘சி. கண்ணாடி’, ‘த.வி. சோதனைக் காசு’. எல்லாமே மாணவர்களுடைய முதலெழுத்துகள். அண்ணாவுக்குக் கண் கலங்கிவிட்டது. கொப்பியை அம்மாவிடம் கொண்டுபோய் வாசித்துக் காட்டினார். அம்மா மாதத்தைக் கேட்டார். சொன்னோம். “ஓ, அந்த மாசம்தான் நான் காப்பை அடைவு வைச்சனான்” என்றார்.

இந்த இடத்தில்தான் எங்கள் கல்வெட்டு ஒரு முடிவுக்கு வந்தது என்று சொல்லலாம். ஊருக்கு உழைத்த ஒருவருடைய கணக்கில் வரவுப் பக்கம் ஊருக்குத் தெரியும். செலவுப் பக்கம் மனைவிக்குத்தான் தெரியும். கல்வெட்டுகளில் மனைவியின் பெயரில் வருவது அநேகமாக யாரோ ஒரு புலவர் எழுதிய புலம்பல் பாட்டு. ‘என்னைத் தவிக்கவிட்டுப் போனீரோ’ என்று அம்மா ஒருநாளும் சொல்லமாட்டார். அந்தப் பாட்டு வேண்டாம், அம்மாவே கதைக்கட்டும் என்று முடிவெடுத்தோம். பின்னேரம் தேத்தண்ணி குடிக்கும் நேரமாகப் பார்த்து, கேள்வி கேட்காமல், கொப்பியை மட்டும் பக்கம் பக்கமாக வாசித்தோம். ஒவ்வொரு மாதத்துக்கும் அவரிடம் ஒரு கதை இருந்தது. துயரத்தில் இருப்பவரிடம் ‘சொல்லுங்கோ’ என்று கேட்டால் அழத்தான் வரும், கையில் ஒரு பொருளோ கடதாசியோ இருந்தால் கதை வரும்.

இடம்பெயர்ந்து கொடிகாமத்தில் இருந்த நாட்களைப் பற்றி அம்மா சொன்னதில் ஒரு பகுதி: “அவர் ஊருக்குத்தான் மாஸ்டர். வீட்டிலை சீனி முடிஞ்சது நான் சொன்னாத்தான் தெரியும். கொடிகாமத்திலை இருக்கேக்கை இவளுக்குக் காய்ச்சல். மல்லித்தண்ணி அவிக்க விறகில்லை. மழை. இவர் தேர்முட்டியடியிலை பிள்ளையளை இருத்திப் பின்னம் படிப்பிக்கிறார். போய் நிண்டு பாத்தன். ஏசத்தான் போனனான். ஒரு பெடிச்சி, தாய் தகப்பன் எங்கையெண்டு தெரியாத பிள்ளை, கையைத் தூக்கி மறுமொழி சொல்லுது. சரியெண்டு திரும்பி வந்திட்டன். விறகு பக்கத்துக் கொட்டிலிலை கடன் வாங்கினன்.”

காய்ச்சலில் கிடந்த ‘இவள்’ நான்தான். எனக்கு அது ஞாபகமே இல்லை.

இதை அப்படியே, அம்மாவின் பேச்சிலேயே போட்டோம். கல்வெட்டில் பேச்சுத் தமிழா என்று அப்பாவின் நண்பர்களான ஓய்வுபெற்ற தமிழாசிரியர்கள் முகம் சுளித்தார்கள். செந்தமிழில் மாற்றி ஒரு பிரதி எழுதியும் தந்தார்கள். நல்ல மனதோடுதான். வாசித்துப் பார்த்தால் அம்மாவைக் காணவில்லை. மரியாதையாகச் சொல்லி மறுத்தோம். பெரியவர்கள் தயங்கினால் ஒரு வழி இருக்கிறது. வரலாற்றை எழுத்துத் தமிழில் எழுதிவிட்டு, ஆட்கள் சொன்னதை மட்டும் மேற்கோள் குறிக்குள் அவர்கள் பேச்சில் விடலாம். அதற்கு யாரும் பெரிதாக எதிர்ப்புச் சொல்வதில்லை.

கணக்குக் கொப்பியில் இருந்த முதலெழுத்துகளை அச்சில் போடவில்லை. ஊர் சின்னது. இரண்டு எழுத்தும் ஒரு வருடமும் இருந்தால் யார் வீட்டுப் பிள்ளை என்று அடுத்த நிமிடமே கண்டுபிடித்துவிடுவார்கள். ‘சப்பாத்து’, ‘கண்ணாடி’ என்பதோடு விட்டோம். உதவி பெற்றவர் தானாக வந்து சொன்னால் மட்டும், அவருடைய சம்மதத்தோடு பெயர். தகப்பனின் பெருமைக்காக இன்னொருவருடைய வறுமையை அச்சடிக்கக்கூடாது.

இனித் திதி. திதி வெண்பா வெறும் அலங்காரம் என்று நினைக்காதீர்கள். வருடம், மாதம், பட்சம், திதி எல்லாம் அதற்குள் இருக்கும். நாளைக்குப் பேரப்பிள்ளைகள் திவசம் எப்போது என்று தேடும்போது அந்த நாலு அடிதான் ஆதாரம். அதனால் உயிர் பிரிந்த நேரத்தை அந்த இடத்திலேயே ஒரு கடதாசியில் எழுதி வையுங்கள். திதி விடியும்போது மாறுவதில்லை, நாளின் எந்த நேரத்திலும் மாறலாம். அப்பா போனது விடியப்புறம். வீட்டில் இருந்த வாக்கிய பஞ்சாங்கத்தில் அபரபட்சத் தசமி, சித்தப்பா கொண்டுவந்த திருக்கணிதத்தில் ஏகாதசி பிறந்துவிட்டது. இரண்டும் யாழ்ப்பாணத்தில் புழங்குவதுதான், இரண்டின் கணிப்பு முறையும் வேறு. ஒரு பின்னேரம் முழுக்க வாக்குவாதம். கடைசியில் குருக்கள் ஒரு கேள்விதான் கேட்டார்: “அப்பப்பாவின்ரை திவசம் எதைப் பார்த்துச் செய்யிறியள்?” வாக்கியம். அப்போ இதுவும் அதுதான். வெண்பா எழுதித் தருபவரிடம் நேரத்தைச் சொல்லாமல், திதியைத் தீர்மானித்த பிறகு திதியைச் சொல்லுங்கள். யாப்புக்காக அவர் எதையும் முன்பின்னாகத் தள்ளிவிடாமல் குருக்களிடம் ஒருமுறை காட்டிவிடுவதும் நல்லது.

படங்கள். எங்கள் வீட்டு அல்பம் 1996இல் திரும்பி வந்தபோது முற்றத்தில் மழையில் ஊறிக் கிடந்தது. ஊரில் பல வீடுகளில் இதே கதைதான். பழைய படம் வேண்டுமென்றால் 80களில் வெளிநாடு போன உறவினர்களைக் கேளுங்கள். போகும்போது பெட்டிக்குள் குடும்பப் படம் ஒன்றாவது வைத்துக்கொண்டு போயிருப்பார்கள். அப்பா அம்மாவின் கலியாணப் படம் லண்டன் அத்தையிடம் இருந்தது. வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் சுருங்கிவிடும். ஸ்கேன் செய்து, 300 டிபிஐக்குக் குறையாமல், சின்னப் படமென்றால் 600இல், டொக்கியூமென்டாக அனுப்பச் சொல்லுங்கள். படத்தின் பின்பக்கத்தையும் ஸ்கேன் செய்யச் சொல்லுங்கள். ஸ்டூடியோ முத்திரையும் யாராவது எழுதிய திகதியும் அங்கேதான் இருக்கும். குழுப் படத்தில் யார் யார் என்று அம்மாவிடம் அன்றே கேட்டு எழுதிவிட்டோம்.

அச்சகத்தைப் பற்றிச் சிலது சொல்லவேண்டும். இங்கே பல அச்சகங்களில் இன்னமும் பாமினி எழுத்துருவில்தான் வேலை நடக்கிறது. நீங்கள் யுனிகோடில் தட்டச்சுச் செய்து கொடுத்தால் அவர்கள் மாற்றுவார்கள், மாற்றும்போது சில எழுத்துகள் குழம்பும். ஸ்ரீ, ஔகாரக் கால், வடமொழி எழுத்துகள், மேற்கோள் குறிகள் எல்லாவற்றையும் மாற்றிய பிறகுதான் ஒப்புநோக்க வேண்டும். நீங்கள் கொடுத்தது சரியாக இருந்தது என்பது போதாது. மையத்தில் பின் அடித்துக் கட்டும் புத்தகமென்றால் பக்கங்கள் நான்கின் மடங்காக வரவேண்டும். அதை முதலே கணக்குப் பார்த்தால் கடைசி நேரத்தில் வெற்றுப் பக்கத்தை நிரப்ப ஒரு மாரியம்மன் தாலாட்டைத் தேடி ஓடத் தேவையில்லை. அச்சுக்கும் கட்டுவதற்கும் ஒரு கிழமை விட்டால், எழுத்து வேலை 20ஆம் நாளளவில் முடிந்தாக வேண்டும்.

தேவாரங்களை இணையத்தில் இருந்து வெட்டி ஒட்டுவது இப்போது வழக்கம். பிழையும் சேர்ந்தே வரும். அப்பாவின் பழைய திருமுறைத் திரட்டை ஒருவர் உரத்து வாசிக்க, இன்னொருவர் அச்சுப்படியைப் பார்த்து வந்தோம், புராணப் படிப்புப் போலத்தான். அப்பாவோடு படிப்பித்த ஒருவர் இதற்கென்றே தினமும் சைக்கிளில் வந்தார். சந்தி பிரித்த இடங்களில் அவருக்கும் எனக்கும் சண்டை வராத நாள் இல்லை. ஒரு யோசனை: எல்லாக் கல்வெட்டிலும் வரும் பாடல்களையே நீங்களும் போடவேண்டியதில்லை. அப்பா செத்தவீடுகளில் பாடிய திருப்பொற்சுண்ணத்தின் 20 பாட்டையும், அவர் தினமும் சொன்ன சிவபுராணத்தையும், பயன் சொல்லும்போது அவர் விரும்பி எடுக்கும் கந்தபுராணப் பாடல்கள் சிலவற்றையும் மட்டும் போட்டோம். சுண்ணப் பாட்டு முழுதாக, பெரிய எழுத்தில். வயது போனவர்கள் மங்கலான வெளிச்சத்தில் வாசிக்கும் பாட்டு அது.

அனுதாபச் செய்திகள், வம்சாவளி, நன்றி நவிலல் மூன்றும்தான் உறவு முறியும் இடங்கள். செய்திகளை வயது வரிசையில் போட்டோம், பதவி பார்க்கவில்லை. வம்சாவளியில் வெளிநாட்டு மருமக்கள், வேறு மதத்தில் கட்டியவர்கள், பிரிந்தவர்களின் பிள்ளைகள் என்று ஒருவரையும் விடவில்லை. அப்பா சித்திரை வருடப்பிறப்புக்கு எல்லோருக்கும் கைவிசேஷம் கொடுத்தவர், கல்வெட்டில் மட்டும் ஏன் விடுபட வேண்டும் என்று அண்ணா கேட்டதோடு பேச்சு முடிந்தது. நன்றி நவிலலில் ஆட்பெயரே இல்லை. பந்தல் போட்டவர்கள், சமைத்தவர்கள், சுண்ணம் பாடியவர்கள், இரவில் துணைக்கு இருந்தவர்கள் என்று வேலையைச் சொல்லி நன்றி. பெயர் போட்டால் ஒரு பெயர் விடுபட்டே தீரும்.

அச்சுக்குப் போன கோப்பின் பிடிஎஃபை அச்சகத்தில் இருந்து கட்டாயம் வாங்கி வையுங்கள். நூலகம் நிறுவனம் 2005 முதல் ஈழத்து நூல்களையும் சஞ்சிகைகளையும் இணையத்தில் ஆவணப்படுத்தி வருகிறது. அதில் நினைவு மலர்களுக்கும் இடமிருக்கிறது. ஏறத்தாழ 97,000 நூல்களோடு யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்ததைப் பார்த்த ஊருக்கு இது சும்மா விஷயமில்லை. ஒரு வாத்தியாருடைய கல்வெட்டில் அந்த ஊர்ப் பாடசாலையின் கதை இருக்கும், இடப்பெயர்வு இருக்கும், ஜாம் போத்தல் இருக்கும். நாளைக்கு யாரோ ஒரு ஆராய்ச்சி மாணவர் தேடி வருவார். அனுப்பும் முன் உயிரோடு இருப்பவர்களின் பிறந்த திகதி, விலாசம், தொலைபேசி எண் எதுவும் உள்ளே இல்லை என்று பார்த்துக்கொள்ளுங்கள். வம்சாவளியில் பெயர் மட்டும் போதும்.

புத்தகம் கொடுத்து முடிந்த பிறகுதான் பதுளையில் இருந்து ஒரு அழைப்பு வந்தது. தேயிலைத் தோட்டத்து லயத்தில் இருந்து நடந்து வந்து அப்பாவிடம் படித்தவர், இப்போது அவரும் ஓய்வுபெற்ற ஆசிரியர். தன் பெயரை அப்பா இடாப்பில் திருத்தி எழுதிய கதையைச் சொன்னார். தோட்டத்துப் பதிவில் யாரோ பெயரைச் சிதைத்து எழுதியிருந்தார்களாம், அப்பா தாய் தகப்பனைக் கூப்பிட்டு என்ன பெயர் வைத்தீர்கள் என்று கேட்டு, பதிவைத் திருத்த அலுவலகத்துக்கு அலைந்தாராம். எங்கள் ஒருவருக்கும் தெரியாத கதை. அச்சுப் பிரதியில் சேர்க்க வழியில்லை, பிடிஎஃபில் சேர்த்தோம். இப்படிப் பிந்தி வருவது இன்னும் வரும் என்று அந்தக் கோப்பை மூடாமலே வைத்திருக்கிறோம்.

அம்மா கல்வெட்டை முழுதாக வாசித்தார். தன் பகுதியில் விறகு கடன் வாங்கியது பக்கத்துக் கொட்டிலில் இல்லை, எதிர்க் கொட்டிலில் என்றார். பிறகு, தன்னுடையதைத் தான் இருக்கும்போதே எழுதி, தானே பார்த்துத் திருத்தித் தந்துவிட்டுப் போவதாகச் சொன்னார். சிரிப்புக்குச் சொன்னாரென்று நினைத்தோம். போன கிழமை கண்ணாடியைப் போட்டுக்கொண்டு சிவப்புப் பேனை கேட்டார். தன்னைப் பற்றி நான் எழுதிக் கொடுத்திருந்த முதல் பக்கத்தில் ‘பொறுமையின் சிகரம்’ என்பதை வெட்டிவிட்டார். அதற்குப் பதிலாக என்ன போடுவது என்று கேட்டேன். யோசித்துச் சொல்கிறேன், முதலில் காப்பு மீட்ட கதையை எழுது என்றார்.